ஜப்பான் பிள்ளைகளின் நோட்டு

எங்கள் கூத்தாநல்லூரில் வெளிநாட்டுக்குச் சபர் போவது பெரும்பாலும் ஆண்கள்தான். கணவர் விபத்தில் அடிபட்டுப் படுத்துவிட்டதால் நான் கிளம்ப வேண்டியதாயிற்று, ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. தஞ்சாவூர் பயிற்சி மையத்தில் அந்த நாட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொடுத்தார்கள். கட்டத்துக்குள் மங்கலாக அச்சிட்ட எழுத்தின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். நர்சிங் படித்தவளுக்கு அது அவமானமாக இருந்தது. விலகவும் வழியில்லை, என் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் அவர்கள் பீரோவில் இருந்தன.

ஒரு மாலை வீட்டில், மறுநாள் மையத்தில் காட்ட வேண்டிய நோட்டைத் திறந்தேன். மிச்சமிருந்த அத்தனை கட்டங்களையும் மகள் ஆயிஷா எழுதி நிரப்பியிருந்தாள். ஆத்திரத்தில் முதுகில் இரண்டு வைத்தேன்.

அவள் அழவில்லை. "இது ஒன்னாங்கிளாஸ் நோட்டுதானேம்மா? நான் ரெண்டாங்கிளாஸ். எல்லாத்தையும் எழுதிட்டேன். என்னையும் கூட்டிட்டுப் போவாங்கல்ல?" என்றாள்.

ரப்பரை எடுத்தேன். பக்கம் கிழிந்துவிடாமல் அவளே ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பென்சில் கறை போயிற்று. அவள் அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை. அதற்குள்தான் நான் எழுதிப் பழகினேன்.