திருடன் சீட்டு

புயல் கட்டடத்தில் நாங்கள் அறுபத்து மூன்று பேர் இருந்தோம். ஆண்கள் இருபத்தொன்று, பெண்கள் இருபத்து மூன்று, குழந்தைகள் பத்தொன்பது. ஆடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ணுவது எனக்குத் தொழில் தந்த பழக்கம். வெளியே போக வழியில்லாத இடத்தில் அது நோயாகவே ஆகிவிட்டது. கூடத்தில் எட்டு சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது கம்பிகள். நாலாவது சன்னலில் மட்டும் எட்டு. அந்த ஒரு கம்பி எங்கே போயிருக்கும் என்று முதல் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பழவேற்காடு ஏரிக்குள் இருந்த ஒரு தீவுக் கிராமத்துக்கு ஆனி மாதம்தான் ஆசிரியராகப் போயிருந்தேன். சாலை கிடையாது, படகுதான். ஊரில் கான்கிரீட் கூரை போட்டது அந்த ஒரே கட்டடம். புயல் வந்தால் ஊர் தங்கும், மற்ற நாளில் அதுதான் பள்ளிக்கூடம். கார்த்திகையில் வாடைக் காற்று மழையோடு அடிக்க ஆரம்பித்ததும் குடிசைகளைக் கட்டிப்போட்டுவிட்டு எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஊரார் மட்டுமல்ல. இறால் வாங்க வந்த பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரிகள் ஐந்து பேரும், நெல் கொடுத்துக் கருவாடு வாங்க வந்த திருப்பாலைவனத்து விவசாயிகள் ஏழு பேரும் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

என் மனைவி ஆரம்பாக்கத்தில் அவள் தாய் வீட்டில் இருந்தாள். முதல் பிரசவம். மருத்துவச்சி சொன்னதை வைத்து நான் போட்ட கணக்கில் அந்த வாரம் தாண்டாது. ஏரிக்கு மேற்குக் கரைதான் ஆரம்பாக்கம். தெளிவான நாளில் அந்தப் பக்கத்துப் பனைமரங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்தே தெரியும். இப்போது சன்னல் வழியே பார்த்தால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

அந்தக் காற்றில் ஏரியைக் கடக்கக்கூடிய பெரிய பாய்ப்படகு ஒருவரிடம்தான் இருந்தது. அதைக் கரையில் ஏற்றிக் கட்டடத் தூணோடு கட்டிப்போட்டிருந்தார். நான் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பீடியை மழையிலிருந்து கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

"காத்து எறங்கட்டும் சார். எறங்கினா மொத படகு வுட்டுடுவேன். எட்டு பேர் ஏறலாம். ஆனா யார் ஏறறதுன்றது என் கையில இல்ல."

சொந்தப் படகை வைத்துக்கொண்டு என் கையில் இல்லை என்கிறாரே, நழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் யாரோடு உட்காருகிறாரோ அவர்களோடு நானும் உட்கார்ந்து, மனதில் இடம் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கூடத்தில் மூன்று வட்டங்கள் கூடின. மூன்றும் விளையாட்டு. குழந்தைகள் ஆடுவதல்ல, பெரியவர்கள் ஆடுவது. ஒவ்வொரு வட்டத்திலும் ஆளுக்கொரு வேஷம். அரிதாரம் கிடையாது, பாட்டு கிடையாது, உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டம். இன்று என் பேரன் கணினியில், முகம் தெரியாத நூறு பேரோடு சேர்ந்து வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஆடும் விளையாட்டுகளில் எதில் முதலில் சேர்வது என்று ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறான். எனக்கு அன்று காலை கஞ்சி ஆறும் நேரம்தான் கிடைத்தது.

வியாபாரிகளின் ஆட்டத்துக்குப் பெயர் கப்பல். ஒருவர் மாலுமி, ஒருவர் சரக்குக்காரர், ஒருவர் துறைமுகத்துச் சுங்க அதிகாரி. பாயை விரித்து அதைக் கடல் என்பார்கள். அவர்களில் மூத்தவர், எல்லோரும் பாய் என்று கூப்பிட்டவர், என்னை அழைத்துச் சுக்கான் பிடிக்கச் சொன்னார். மரியாதையான கூட்டம், பேச்சும் இனிப்பு. ஆனால் கப்பல் கரை சேரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, போன மழைக்கு மலாக்கா போய்ச் சேர நாலு நாள் ஆயிற்று என்றார். நான் சுக்கானைத் தொடவில்லை.

விவசாயிகளுடையது கோர்ட்டு. நிஜ வரப்புத் தகராறுகளைப் பெயர் மாற்றி வாதாடுவார்கள். படித்தவன் என்பதால் எனக்கு நீதிபதி வேலை காத்திருந்தது. துண்டை மடித்து உட்காரும் இடம்கூடப் போட்டுவிட்டார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் என்னைப் பார்த்த பார்வையில், தீர்ப்புச் சொன்னால் ஒருவர் நிச்சயம் விரோதியாவார் என்று தெரிந்தது. தவிர, அவர்கள் யாரிடமும் படகு இல்லை.

ஊராரின் ஆட்டம் தர்பார். பன்னிரண்டு பேர். அங்கேதான் படகுக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அங்கே போய் நின்றதும், ஆரம்பாக்கம் சந்தைக்கு மீன்கூடை சுமக்கும் ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா யோசிச்சிக்கோ சார். சீட்டு எடுத்தா எடுத்ததுதான். மழை வுடற வரிக்கும் அதான் நீ."

"தெரியும்மா" என்றேன். ஒன்றும் தெரியாது.

மண்சட்டியில் பனையோலைத் துண்டுகள் போட்டுக் குலுக்கினார்கள். எழுத்து இல்லை, குறிகள்தான். கூலிக்கு வலை இழுக்கும் ஒரு மெலிந்த மனிதருக்கு ராஜா விழுந்தது. சட்டையில்லாத தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அவர் சுவரோரம் இருந்த என் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருடைய சின்ன மகள் "நைனா" என்று மடியில் ஏறப் போனாள். ராஜான்னு கூப்புடு என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. ஒரு கிழவருக்கு மந்திரி, மீன்கூடை அம்மாளுக்குப் போலீஸ். நான் எந்த மனிதரை நம்பி உட்கார்ந்தேனோ அந்தப் படகுக்காரருக்குக் குதிரைக்காரன். ராஜா கேட்காமல் வாயைத் திறக்கும் உரிமைகூட அந்த வேஷத்துக்கு இல்லை.

என் ஓலையில் ஒரு பெருக்கல் குறி. தப்பான விடைக்குப் பிள்ளைகளின் சிலேட்டில் நான் தினமும் போடும் அதே குறி. அது திருடன்.

வேறு யாராவது மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வட்டத்தில் எல்லோரும் தங்கள் ஓலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதையே அந்த ஊர் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்யும். பாடு என்பார்கள். நல்ல பாடு விழுந்தவனிடம் கெட்ட பாடு விழுந்தவன் போய் மாற்றித் தா என்று கேட்பதில்லை. கேட்டால் ஊரே கலைந்துவிடும். சட்டியில் கைவிட்டு எடுத்ததை வேண்டாம் என்பவன் அவர்கள் கண்ணுக்குக் கொஞ்சம் ஆபத்தானவன்.

அன்றிலிருந்து தர்பார் தொடங்கியது. தண்ணீர் யார் எடுப்பது, யாருக்கு முதலில் கஞ்சி, கூரை ஒழுகாத மூலையில் எந்தக் குழந்தை படுப்பது, எல்லாம் அந்த மெலிந்த ராஜா சொன்னபடி நடந்தது. கப்பல்காரர்களும் கோர்ட்டுக்காரர்களும்கூடக் கேட்டார்கள். மீன்கூடை அம்மாள் ஒரு உடைந்த துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் காவல் உட்கார்ந்தார். நான் எழுந்தால் எழுந்தார். மறைவுக்குப் போனால் வாசலுக்கு முதுகு காட்டி நின்று, சீக்கிரம் வாடா திருடா என்று சத்தம் போட்டார். திரும்பி வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனசுல வெச்சிக்காத. சீட்டு அப்டி."

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு வீட்டுக்காரர்களின் பித்தளைச் செம்பு காணாமல் போனது. திருடா, செம்பு எங்கே என்றார் ராஜா. எனக்குச் சுருக்கென்றது. நான் எடுக்கவில்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் பென்சில் தொலைந்தால் செய்வது போல விசாரணையில் இறங்கிவிட்டேன். கடைசியாக அதில் தண்ணீர் குடித்தது யார், பக்கத்தில் படுத்தது யார், மூட்டைகள் எத்தனை என்று வரிசையாகக் கேட்டேன். ஐந்தாவது கேள்வியில் இரண்டு குடும்பங்கள் எழுந்து நின்றன. ஒருத்தி இன்னொருத்தியின் தலைமுடியைப் பிடித்தாள். அறுபத்து மூன்று பேர், மூடிய கதவுகள், வெளியே மரங்கள் முறியும் சத்தம்.

ராஜா நாற்காலியை விட்டு இறங்கி என் முன்னால் வந்து குந்தினார்.

"டேய், நீ இன்னாத்துக்கு கீற? உன் வேலை இன்னா?"

மூட்டைகளை எண்ணினால் தெரிந்துவிடும் என்று ஆரம்பித்தேன்.

"எடுத்தது நான்தான்னு சொல்லு. அவ்ளோதான் உன் வேலை."

நான்தான் எடுத்தேன் என்றேன். கூடம் சட்டென்று அடங்கியது. எனக்கு நாலு தோப்புக்கரணம் விதித்தார்கள், போட்டேன், குழந்தைகள் எண்ணினார்கள். தலைமுடியைப் பிடித்தவளே முதலில் சிரித்தாள். செம்பு அன்று மாலை ஆட்டுக்குட்டியின் வைக்கோலுக்குள் கிடைத்தது. அதையும் நான்தான் அங்கே ஒளித்தேன்.

அதன்பின் கஞ்சியில் உப்புக் கூடினாலும், கூரை ஒழுகினாலும், தீப்பெட்டி நமுத்தாலும் நான்தான். கேட்கும்போதெல்லாம் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள ஒரு விஷயம் தெளிவானது, பயமும் கூடியது. இந்த மனிதர்கள் என்னை வெளியே விட மாட்டார்கள். ராஜா இல்லாவிட்டால் மந்திரி பார்த்துக்கொள்வான். திருடன் போய்விட்டால் ஒருவரை ஒருவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சன்னல் கம்பிகளை மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்று. என் மனைவிக்கு வலி எடுத்திருக்கும், ஆள் அனுப்பியிருப்பார்கள், அந்த ஆள் அக்கரையில் நின்று ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான் என்று மனம் தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை காற்று இறங்கியது. மழை தூறலாக நின்றது. படகுக்காரர் வெளியே போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து ராஜாவின் முன் தலைகுனிந்து, குதிரை தயார் என்றார். அப்போதுதான், அவர் முதல் நாள் என்னிடம் நழுவவில்லை, உள்ளதைத்தான் சொன்னார் என்று எனக்கு உறைத்தது. படகுக்காரரே ஆள் பொறுக்கினால் விடுபட்டவர்கள் வருஷமெல்லாம் அவரைப் பகைப்பார்கள். சீட்டில் வந்த ராஜா பொறுக்கினால் யாரையும் பகைக்க முடியாது.

ராஜா பெயர்களைச் சொன்னார். காய்ச்சல் கண்ட குழந்தை, அதன் தாய், இறால் அழுகிக்கொண்டிருந்த வியாபாரிகளில் இருவர், மூச்சிரைப்புள்ள விவசாயி ஒருவர், படகு செலுத்த இருவர். அதோடு, சந்தைக்குப் போகவேண்டிய மீன்கூடை அம்மாள். எட்டு.

நான் எழுந்து நின்றேன். நான் இந்த ஊர் ஆசிரியர், என் மனைவி பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறாள், அவசரம் என்று சொல்ல ஆரம்பித்தேன். ராஜா சுற்றிலும் பார்த்தார்.

"வாத்தியாரா? வாத்தியாருன்னு இங்க யாரும் இல்லியே."

கேலி இல்லை அவர் குரலில். எனக்கு வழிகாட்டினாரா, வழியை மூடினாரா என்று இன்றுவரை தெரியாது. மீன்கூடை அம்மாள் துடுப்பால் என் முழங்காலில் லேசாகத் தட்டி, குந்துடா, திருடன் மாதிரி பேசு என்று முணுமுணுத்தார்.

குந்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வேஷத்துக்குள் முழுசாகப் போனேன்.

"ராஜா, செம்ப எடுத்தது நான்தான். உப்பு போட்டது நான்தான். நாலாவது சன்னல்ல ஒரு கம்பி இல்ல, அதுவும் நான்தான். நான் போனப்புறம் இங்க இன்னா தொலைஞ்சாலும் அதுவும் நான்தான், இப்பவே ஒத்துக்கறேன். அக்கரைல இருந்தாலும் ஒத்துக்கறேன். இவ்ளோ பெரிய திருடன ஊருக்குள்ள வெச்சிருந்தா உனக்குத்தான் அசிங்கம். நாடு கடத்திடு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் யோசித்தார்கள். அது எனக்குச் சிரிப்பைவிட நம்பிக்கை தந்தது. கோர்ட்டுக்காரர்களில் ஒருவர், வரப்போகும் குற்றத்துக்கும் ஒப்புதல் செல்லும் என்று தன்பாட்டுக்குச் சொன்னார். ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி என் மூட்டையைப் பார்த்தார். அது விடிந்ததிலிருந்தே கட்டித் தயாராக என் பக்கத்தில் இருந்தது.

பாயில் உட்கார்ந்திருந்த மூத்த பாய் தாடியைத் தடவினார். "நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன் நின்னுக்கட்டும். கெட்ட எறாலுக்குக் காவல் எதுக்கு?"

ராஜா தலையசைத்தார். திருடனை ஏரிக்கு அப்பால் விட்டுவிட்டு வா என்று போலீசுக்கு உத்தரவு போட்டார்.

படகில் மீன்கூடை அம்மாள் என் சட்டை நுனியைத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அலை இன்னும் அடங்கவில்லை. விழுந்தால் இரண்டு பேருமாகத்தான் விழுவோம் என்று அதற்கு அர்த்தம். வழியெல்லாம் கும்பலாகச் செத்து மிதந்த கொக்குகளை எண்ணாமலிருக்க முயன்றேன். கரை ஏறியபின் சகதியில் நடந்தோம். இனி நான் போய்க்கொள்கிறேன் என்றேன். ஒப்படைக்காமல் போக முடியாது என்றார்.

வீட்டு வாசலில் மாமியார் வெந்நீர் அண்டாவோடு நின்றார். உள்ளே என் மனைவியின் குரல், குரல்கூட இல்லை, ஒரு முனகல். உள்ளே போகப் பார்த்தேன். ஆம்பளைக்கு இங்க இன்னா வேலை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மீன்கூடை அம்மாள் முடிச்சை அவிழ்த்தார், காலைக் கழுவினார், யாரையும் கேட்காமல் உள்ளே போனார். நான் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றேன். அந்தக் கட்டடத்தில் அடைந்து கிடந்தபோதாவது சன்னல் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எண்ண மறந்த ஒரே நேரம் அதுதான். பிறகு ஒரு அழுகைச் சத்தம், கதவு திறந்தது, அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

"விரல் எல்லாம் சரியா இருக்கா? எண்ணினீங்களா?" என்றேன்.

அவர் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. உள்ள போய் நீயே எண்ணிக்கோடா திருடா."