கடலுக்குக் காவல் நின்ற பிரேக் சார்

பிரேக் சார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது. அவருக்கோ எதிரே ஒரு காகிதம் பறந்தாலே ஆபத்துதான். கார் நிற்காமலும் ஓடும் என்பதை அவரிடம் படித்தவர்கள் லைசென்ஸ் வாங்கிய பிறகே தெரிந்துகொண்டார்கள்.

கார் விஷயத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல மாடி ஏறிப் போய்விடுவார். டாக்டரிடம் போனால் ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார். எந்த வேலையையும் அவர் செய்ய மாட்டார். செய்கிறவர்களைச் சும்மா விடவும் மாட்டார்.

அவர் மனைவி பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். வாட்டசாட்டமான ஆண்கள் ஊசியைக் கண்டதும் கண் சொருகிச் சரிவதும், இவர் பின்னால் போய் அக்குளில் கைகொடுத்துத் தாங்கி நாற்காலியில் சாய்ப்பதும் அங்கே சாதாரணம். வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேச இடம் இருக்காது.

அவருடைய தம்பி வெளிநாட்டில் ஒரு கடலோர நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் போன் செய்தான். “அக்கா, டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கேன். ஒரு வாரம் வந்து தங்கிட்டுப் போ. மாமாவையும் கூட்டிட்டு வா.”

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் பிரேக் சார் காதில் விழுந்தது. மச்சான் தன்னை அழைத்திருக்கிறான், மனைவியும் கூட வரலாம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது அவரது கால் தரையை ஓங்கி மிதித்தது.

“என்னங்க, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாக்குறாரு.”

“பாக்கட்டும். இவ்ளோ வேகம் எதுக்கு? சொல்றதுக்கு ஆளில்ல.”

தம்பியின் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். அவன் காலையில் வேலைக்குப் போனதும் இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். மனைவி முழுக்கையும் முழுக்காலும் மூடும் நீச்சல் உடை ஒன்று வாங்கினார். பிரேக் சாருக்கு, வாசலில் தொங்கிய பளிச்சென்ற சிவப்பு பனியன் பிடித்துப்போனது. முதுகில் அந்த ஊர் எழுத்தில் பெரிதாக ஏதோ இருந்தது.

“என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டு வாங்குங்க.”

“கம்பெனி பேரா இருக்கும். விடு.”

கடலைக் கண்டதும் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறு பெண்ணைப் போல ஓடினார். பிரேக் சார் புதுச் சிவப்பு பனியனோடு, அலை தொடாத ஈர மணலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார். “நீ போ. நான் இங்கேர்ந்து பாத்துக்கறேன்” என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. அதைவிட, அலைக்கு பிரேக் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து கடலைக் காட்டி ஏதோ கேட்டாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கண்ணைச் சுருக்கி அலையைப் பார்த்தார். இடப்பக்கம் கையை நீட்டினார். அவள் நன்றி சொல்லி, குடும்பத்தோடு இடப்பக்கம் போனாள். பிரேக் சாருக்குப் புல்லரித்தது. இத்தனை வருட வாழ்க்கையில் மறுபேச்சில்லாமல் அவர் சொல் கேட்ட முதல் ஆள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய் நின்றுவிட்டார். “உள்ள போகாத! திரும்பு! மெதுவா!” என்று தமிழிலேயே அதட்டினார். கை போன திசையில் கூட்டம் போனது. தூரத்தில் உயரமான மேடையில் உட்கார்ந்திருந்த காவலர்கள், யாரோ புது ஆளைப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்து அவருக்குக் கையசைத்தார்கள். இவரும் மேலதிகாரி தோரணையில் கையசைத்தார். மச்சான் வீடு திரும்பும்போது பனியன் உலரப் போட்டிருக்கும். அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

மனைவிக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. கடலில் தினமும் குளிக்க வரும் ஒரு பருத்த அம்மாள் அவருக்குச் சிநேகிதி ஆகியிருந்தாள். பொதுவான பாஷை கிடையாது. அந்த அம்மாள் மல்லாந்து காட்டுவாள், இவர் மல்லாந்து பார்ப்பார். மூக்கில் தண்ணீர் ஏறும், இருவரும் சிரிப்பார்கள். வாரம் முடிவதற்குள் தலையணையில் படுத்ததுபோல அலைமேல் மிதக்கப் பழகிவிட்டார்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் ஒரு வழுக்கைத் தலைக்காரர் பிரேக் சாரிடம் வந்து சைகையில் வழி கேட்டார். பிரேக் சார் காட்டினார். அது பள்ளம். அலை ஒன்று அந்த மனிதரைப் புரட்டிப்போட்டது. தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி கை மட்டும் தெரிந்தது. அவர் வீட்டார் அலறியபடி ஓடிவந்து பிரேக் சாரின் கையைப் பிடித்துக் கடல் பக்கம் இழுத்தார்கள்.

பிரேக் சார் கையை உதறி விடுவித்துக்கொண்டார். கால் மணலில் ஊன்றிக்கொண்டது. வாய் மட்டும் வேலை செய்தது.

“ஸ்டியரிங்க ரைட்ல ஒடி! ரைட்ல! பிரேக்! பிரேக்!”

அந்தக் கூச்சலைக் கேட்டுத் திரும்பிய மனைவி பார்த்துவிட்டார். பக்கத்தில்தான் மிதந்துகொண்டிருந்தார். பின்பக்கமாகப் போய், அக்குளில் கைகொடுத்து, அந்தப் பெரிய உடம்பைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, கால் எட்டும் இடம்வரை இழுத்துவந்துவிட்டார். அதற்குள் பருத்த அம்மாளும் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். கரையில் அந்த மனிதர் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி எழுந்து உட்கார்ந்தார். அவருடைய மனைவி, பிரேக் சாரின் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

மேடையிலிருந்து ஓடிவந்த காவலர் நேராக பிரேக் சாரிடம் போய்க் கத்தினார். இவர் எல்லாவற்றுக்கும் “யெஸ், யெஸ்” என்றார். குடிசை போன்ற ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். மச்சான் வேலையை விட்டு ஓடிவந்தான். பனியனைத் திருப்பிப் படித்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“மாமா, இதுல கடல் காவலர்னு எழுதியிருக்கு.”

“அதான் அவ்ளோ மரியாதையா நடந்துக்கிட்டாங்களா?”

பனியனைப் பறிமுதல் செய்து அவரை விட்டுவிட்டார்கள். தோளில் துண்டோடு கடற்கரை நெடுக நடந்து வீட்டு வாசலுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி, “கால்ல மண் இருக்கு, கழுவிட்டு உள்ள வாங்க” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் பிரேக் சாருக்கு உறுத்தியது.

ஊர் திரும்பியதும் உறுத்தல் போய்விட்டது. விமான நிலையத்துக்கு அழைக்க வந்த தன் தம்பியிடம், “உங்க அண்ணி ஒருத்தரக் காப்பாத்துனா” என்றார். தெருவுக்குள் நுழைந்ததும் அது “காப்பாத்துனோம்” ஆனது. ஓட்டுநர் பள்ளியில், “அப்புறம் என்ன, காப்பாத்தியாச்சு” என்று முடித்தார். யார் காப்பாற்றினார்கள் என்று அந்த வினைச்சொல் காட்டிக்கொடுக்கவில்லை.

செய்தி பரவி, குடியிருப்போர் சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீரில் பாதுகாப்பு பற்றி சார் வந்து பேச வேண்டுமாம். மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும், “போங்க, போய்ப் பேசுங்க. நானும் வர்றேன்” என்றார். அந்தக் குரலில் ஏதோ இருப்பதை பிரேக் சார் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

கூட்டத்தில் அலையின் குணங்களைப் பற்றி அமர்க்களமாகப் பேசினார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்த தையல்கடை அம்மா எழுந்தார்.

“எப்படிப் பிடிச்சு இழுத்தீங்கன்னு செஞ்சு காட்டுங்க சார். எங்களுக்கும் உதவும்.”

பிரேக் சார் தண்ணீர் குடித்தார். இன்னொரு முறை குடித்தார். மனைவி முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத... என் வீட்டுக்காரம்மா செஞ்சு காட்டுவாங்க” என்றார், ரொம்ப மெல்லிய குரலில். “இழுத்தது அவங்கதான்.”

மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு மேடை ஏறினார். “மூழ்குற ஆளுக்கு ஒருத்தர் வேணுமே” என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் வரவில்லை. பிரேக் சாரே மேடையில் மல்லாந்து படுத்தார். கையைக் காலை உதறினார், கண்ணைச் சொருகினார், நாக்கைக்கூடத் தொங்கவிட்டார். மனைவி அக்குளில் கைகொடுத்து மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இப்போது பிரேக் சாரின் மனைவியைப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆலைகளுக்கும் அழைக்கிறார்கள். பிரேக் சார் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போய் மூழ்குகிறார். போகிற இடமெல்லாம், ஒழுங்காக மூழ்குவது எப்படி என்று முதலில் அவர்தான் எழுந்து விளக்குகிறார்.