பைக்குக் காவல்

சம்பந்தியின் முதுகுப்பையில் ஐந்து ஜிப்புகள், இரண்டு பக்கிள்கள், தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே ஒரு வலைப்பை. என் பையிலும் அதே. பேத்தி இரண்டையும் ஒன்றுபோல வாங்கிவிட்டதால், மாறிவிடக் கூடாதென்று அவருடைய பையின் பிடியில் சிவப்பு நாடா ஒன்றை நான்தான் கட்டினேன். போன ஆடி மழையில் அவர் தன் ஊரான ஏலப்பாறையில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்தப் பையை என் ஊர் எருத்தேன்பதிக்கு எடுத்துவந்து, "அடுத்தவாட்டி மாமா போவும்போது வேணும், குடுத்துருன்னு அப்பா சொன்னாவ" என்று என் முன்னால் வைத்தார். நாற்பத்தொரு நாள் அதை நான் திறக்கவில்லை.

என் மகளின் மாமனார் அவர். எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை சுமந்து, முழங்கால் இரண்டும் தேய்ந்து ஓய்வு பெற்றவர். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பர். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு வருடம் அந்தக் குடும்பத்தோடு நான் பேசவில்லை. பேத்தி பிறந்த பிறகு பேச்சு வந்தது. அந்தப் பேத்தி வளர்ந்து, கல்லூரிக்குப் போய், இரண்டு தாத்தாக்களும் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று முதுகுப்பை மாட்டி அனுப்பிவைத்தாள். பதினோரு நாள், ஆறு ஊர். திட்டம் முழுக்க என்னுடையது. சம்பந்தி கேட்டது ஒன்றே ஒன்று, தஞ்சாவூர். எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசையில் அவருடைய வீட்டில் அந்தப் பெரிய கோயில் படம் போட்ட காலண்டர் ஒன்று தேதித்தாள் தீர்ந்த பிறகும் தொங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாராம். சரி என்று இரண்டு ரயிலுக்கு நடுவில் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கினேன். பெரிய மனது பண்ணியதாக எனக்கு நினைப்பு.

ஏழு இருபதுக்கு இறங்கினோம். இட்லி சாப்பிட்டுவிட்டுக் கோயில் வாசலுக்குப் போனபோது மணி எட்டு. பையை வைக்க ஸ்டேஷனில் அறை இருந்தது. கண்ணுக்கு மறைவாகச் சரக்கை விட்டால் அது நம் சரக்கல்ல என்பது ஸ்டோரில் நான் படித்த பாடம். அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் பையோடு வெளியே இருப்பது, மற்றவர் உள்ளே போவது, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பேச்சு. முதலில் அவரைப் போகச் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணைக் கொடுத்தவன் நான். மாப்பிள்ளையின் தகப்பனாரை ஒரு வாய் தண்ணீருக்குக்கூட முந்தவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அன்று அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. "நா ஒரு எட்டு பாத்துப்போட்டு வந்தர்றனுங்க சம்பந்தி" என்றேன். அவர் மரநிழலில் இரண்டு பைகளையும் மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

உள்ளே சுற்றுமண்டபத்தில் வரிசையாக லிங்கங்கள். எண்ண ஆரம்பித்தேன். இருநூறைத் தாண்டியபோது சுற்றுலா வந்த கூட்டம் ஒன்று குறுக்கே புகுந்தது, கணக்கு தவறிவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து. பிறகு சந்தேகம் வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை. அதற்குள் கல் சுட ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது ஐம்பது. பத்தே முக்காலுக்கு ரயில். அரை மணிக்கு முன்பே பிளாட்பாரத்தில் நிற்பவன் நான். ஆட்டோவுக்குப் பதினைந்து நிமிடம் போனாலும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தையும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை. "இப்ப உள்ள போனா வண்டி போயிருமுங்க" என்றேன். சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு மேலே எழும்பி நின்ற விமானத்தைப் பார்த்தார். "இங்கருந்தே தெரியுதுல்லா. அடுத்தவாட்டி பாத்துக்கிடலாம்" என்று முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

ரயில் ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். அறிவிப்பு வந்தபோது நாங்கள் இருவருமே தலையைத் திருப்பவில்லை. அந்தச் சிமெண்ட் பெஞ்சில் நான் கழித்த எழுபது நிமிடம்போல் நீளமான நேரத்தை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. கடைசியில் அவர்தான் பேசினார். "எத்தன இருந்துச்சு சம்பந்தி? நீங்க எண்ணாம விட்டிருக்க மாட்டிய. என் பல்லக்கூட எண்ணி வச்சிருப்பியளே." சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இருநூற்று ஐம்பதுக்கு மேல் என்றேன். நந்தி எவ்வளவு பெரிது, கல் எப்படிச் சுட்டது, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏன் அவ்வளவு கேட்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஊர் திரும்பியதும் பேத்தி கைபேசியை நீட்டிப் பதிவு செய்துகொண்டே, தஞ்சாவூர் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டாள். "இருநூத்தம்பதுக்கு மேல லிங்கம்மா, உள்ளங்காலு சுடச்சுட உன் தாத்தாமாரு நடந்தோம்" என்றார் சம்பந்தி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையை ஆட்டினேன். இப்போது அவர் நினைவு வரும்போதெல்லாம் பேத்தி அந்தப் பதிவைத்தான் போட்டுக் கேட்கிறாள். அவர் குரலில் என் எண்ணிக்கை வருகிறது.

எருத்தேன்பதியில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் எனக்குச் சம்பந்தியாக வாய்த்திருந்தால், அவரைப் பைக்குக் காவல் வைத்திருப்பேனா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். தெரிவதுதான் கஷ்டம்.

நேற்று அந்தப் பையைத் திறந்தேன். நான்கு ஜிப்புக்குள்ளும் ஒன்றுமில்லை. ஐந்தாவதில், முதுகோடு ஒட்டிய அறையில், செய்தித்தாளில் சுற்றி ஒரு கரை வேட்டி. கடைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. பதினோரு நாளும் பேண்ட்டோடு சுற்றியவர், அந்த ஒரு கோயிலுக்குள் போகும்போது கட்ட வாங்கியிருக்கிறார். வாசலில் அவர் மடியில் அணைத்துக்கொண்டிருந்தபோதும் அது உள்ளேதான் இருந்திருக்கும். எட்டு மடிப்பு. ஒன்றுகூடக் கலையவில்லை.

திரும்பச் சுற்றிவைத்து ஜிப்பை இழுத்தேன். சிவப்பு நாடா வெளுத்திருந்தது. பேத்தியைக் கூப்பிட்டு, அந்தப் பதிவைப் போடச் சொன்னேன். அது முடிந்ததும் உள்ளே போனது யார் என்று சொல்ல, அவள் முன்னால் உட்கார்ந்தேன்.