மஞ்சக்காமாலை என்று சொன்ன வருஷம்

எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் இருளாண்டிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. 2006 ஆவணியில்தான் வாய் கூசாமல் ஒன்றைச் சொன்னார், மகள் பானுப்பிரியாவுக்கு மஞ்சக்காமாலை என்று.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் கணிதம் படித்தவள். ஒருநாள் விடுதியிலிருந்து வந்தவள் திரும்பிப் போகவில்லை. தலை சீவவில்லை, தட்டில் போட்ட சோறு காய்ந்தது. கேட்டால், "ஒண்ணும் செய்ய முடியலப்பா" என்பாள். அதற்குமேல் பேச்சு வராது. ஒரு மாதம் பார்த்துவிட்டு மனைவியோடு அவளை மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது மனச்சோர்வு நோய்ங்க. காலேஜ் பிள்ளைகள் நிறையப் பேருக்கு வருது. சரியாகும். மறைக்காதீங்க."

பஸ் ஊரை நெருங்குமுன் மனைவி குருவம்மாள் பிடித்துக்கொண்டாள். "மனசு சரியில்லன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்? மஞ்சக்காமாலைன்னு சொல்லிருங்க." ஜன்னலோரம் இருந்த மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தாள். "குடி தாயி, ஒரு வாரத்துல எந்திரிச்சிருவ." இல்லாத நோய்க்கான அந்தக் கசப்பைப் பானுப்பிரியா மறுபேச்சில்லாமல் குடிப்பாள். பார்க்கமாட்டாமல் இருளாண்டி எழுந்து போய்விடுவார்.

வருகைப்பதிவு குறைந்து கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் பரீட்சை எழுதலாம். மஞ்சக்காமாலை என்றே எழுதித் தரும்படி டாக்டரம்மாவிடம் கெஞ்சினார். அவர் உள்ளதைத்தான் எழுதிக் கொடுத்தார். கல்லூரி அலுவலகத்தில் இருளாண்டிக்குப் பின்னால் ஊரில் தெரிந்த முகம் ஒன்று நின்றது. சான்றிதழை எடுக்கச் சட்டைப்பைக்குப் போன கை வெறுமனே திரும்பியது.

"உங்களுக்கு என்னங்கய்யா வேணும்?" என்றார் அங்கிருந்த கிளார்க்கம்மா.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்."

வீட்டில், "குடுத்தீகளாப்பா?" என்றாள் மகள். பல நாளைக்குப் பிறகு அவளாகப் பேசிய பேச்சு அது. அவர் தலை குனிந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வருஷம் போயிற்று. வேறென்ன செய்வதென்று தெரியாமல், மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் எடுத்துக் கொடுத்தார்.

மறு ஜூனில் திரும்பச் சேர அவளே கிளம்பினாள். கூட அவரும் போனார்.

"ஏம்மா ஒரு வருஷமா வரல?" என்றார் கிளார்க்கம்மா.

"டிப்ரஷன் மேடம். மாத்திரை சாப்பிடுறேன்." நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னாள்.

வரிசையில் நின்ற பெண்ணொருத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். கிளார்க்கம்மா அதை எழுதிக்கொண்டு, "போட்டோ ரெண்டு வச்சிருக்கியா?" என்றார்.

இம்புட்டுத்தானா? என்றிருந்தது இருளாண்டிக்கு. வெளியே வந்ததும் மகளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். 

"டீ குடிக்கியா தாயி?" என்றுதான் கேட்க முடிந்தது.

"வேண்டாம்ப்பா. பஸ் வந்துரும்."