எல்லாரும் வந்தாச்சு

நம்புங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. அந்த அழைப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. போன ஆகஸ்ட் பதினாலு, பிற்பகல் 3.10. நாலு நிமிடம், பன்னிரண்டு விநாடி. அழிக்கக் கை வரவில்லை.

என் கணவர் ஜினோவுக்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் வேலை. கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, எண்ணெய் இருக்கிறதா என்று கடலடியைத் துளைத்துப் பார்க்கும் ரிக். தினமும் ஷிப்டுக்குப் போகும் முன் கூப்பிடுவார். அப்போது நமக்குக் காலை பத்து மணி. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஏட்டி, இண்ணைக்கு என்ன கறி?" புதுக்கடைச் சந்தையில் வாங்கிய சாளை மீனைக் குழம்புச் சட்டியோடு காட்டினால்தான் நிம்மதியாகப் போவார். வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக்கூடாது. அறையில் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீடியோ கால். அவர்தான்.

ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். பின்னால் உயிர்காப்புப் படகு. கேஸ் கசிந்து சைரன் அடித்துவிட்டது, பயப்படாதே என்றார். "எல்லாரும் வந்தாச்சு. எண்ணியாச்சு."

எப்போதும் விட்டு விட்டு வரும் படம் அன்று தெளிவாக இருந்தது. பின்னால் கொடி படபடத்தது. அவர் முடி அசையவில்லை. கறி என்ன என்று கேட்கவுமில்லை...

டங்... டங்... டங்.

எங்கோ இரும்பில் தட்டும் சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடி மூன்று.

லீவில் வந்தால் ஜினோ காலிங் பெல் அடிக்கமாட்டார். மோதிரத்தால் கேட்டில் மூன்று தட்டு. பொறுத்து, மறுபடி மூன்று. எங்கள் நாலு வயது அஜிஷா பொம்மையைக் கீழே போட்டாள்.

"அப்பா வந்தாச்சு" என்று கேட்டுக்கு ஓடினாள்.

அப்பா இங்கே போனில் இருக்கிறார் மக்கா என்றேன். அவள் திரும்பவில்லை.

"என்ன சத்தம் அது?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. எண்ணியாச்சு."

சிரித்தார். கட்டாகிவிட்டது.

3.21. ஜெஸ்பின் கூப்பிட்டான். ஆரல்வாய்மொழிக்காரன், அதே ரிக்கில் இரவு ஷிப்ட், அதனால் போன் கையில் இருந்தது. மூச்சு வாங்கியது.

"மைனி, எண்ணிக்கையில ஒராளு குறையுது. அண்ணன் விளிச்சாரா? மொதப் படகுல ஏறிப் போயிட்டாரோண்ணு கேக்காவ. தேடணும்னா இப்பமே கீழ எறங்கணும்."

"இப்பதான் பேசினாவ. ஜாக்கெட் போட்டு, படகுகிட்ட நிக்காவ."

"நல்லா பாத்தியளா மைனி?"

"பாத்தேன்."

வைத்துவிட்டான். தேட யாரும் கீழே இறங்கவில்லை. கடைசிப் படகு கிளம்பியது.

ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. எண்ணியாச்சு என்றாரே... பிறகு எப்படி ஒராள் குறையும்?

கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஜெஸ்பினுக்கும் போகவில்லை. அவரை வேலைக்கு அனுப்பிய மும்பை ஏஜென்சியில் கெஞ்சினேன். பட்டியலில் எல்லோரும் பத்திரம், வெளிநாட்டுக் கம்பெனி, இதற்கு மேல் கேட்க முடியாது என்றார்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்ய?

அஜிஷா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் யாருமில்லை.

"இன்னும் தட்டுதாவ" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை.

6.40. அவள் உள்ளே வந்தாள்.

"நின்னுபோச்சு."

கசிந்த கேஸில் பிடித்த தீ மூன்றாம் நாள் அணைந்து, ஆட்கள் ரிக்குக்குத் திரும்பினார்கள். ஜினோ கீழே பம்ப் அறையில் இருந்தார். கதவு வளைந்து இறுகியிருந்தது. ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. போன் அவர் அறையில், பூட்டிய அலமாரியில், அணைந்து கிடந்தது.

உடலோடு ஜெஸ்பின்தான் வந்தான். அடக்கம் முடிந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஜினோ கையில் ஒரு ஸ்பேனர் இருந்ததாம். கதவில் தட்டிய நேரத்தையெல்லாம் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருந்தாராம்.

முதல் நேரம், 10.40. நமக்கு 3.10.

கடைசி நேரம், 2.10.

நமக்கு 6.40.