வெள்ளவத்தையில் மணல் வெட்டிய காலை

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தை விடுதி வாசலில் ஓட்டோ வந்து நின்றபோது மழை சற்று விட்டிருந்தது. கூட்டம் கொட்டாஞ்சேனையில். பத்துக் கிலோமீட்டருக்குள்தான்; ஆயிரம் ரூபாய் என்று பேசியாயிற்று. எங்கள் ஆற்றின் உபரிநீரை அண்டை மாநிலங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று பேச இரு மாநில விவசாயிகளையும் பொது இடமாகக் கொழும்புக்கு அழைத்திருந்தார்கள். நான் கொள்ளிடக் கரையில், கடைமடையில் நெல் போடுகிறவன். ஓட்டோவில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் மண்டியாவில் கரும்பு போடும் சென்னப்பா. பெங்களூரில் வேலை பார்த்தபோது பழகிய தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஊரில் இருந்தால் இருவரும் மறியலில்தான் சந்தித்திருப்போம். இங்கே ஒரே அறையில் போட்டுவிட்டார்கள்.

வந்த இரவே சண்டை பிடித்தாயிற்று. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், அணை நிரம்பினால் தருகிறோம் என்றார் அவர். நிரம்பி வழிவதைத் திறந்துவிடுவதற்குப் பெயர் தருவதா என்று கேட்டேன். கேட்டபோது வராத தண்ணீர், கேட்காதபோது வந்து போன வருஷம் என் நாற்றங்காலை வழித்துக்கொண்டு போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓட்டோக்காரர் அன்டன் வண்டியை எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து கொலன்னாவையில் வீடு கட்டியவர். என்ன விஷயம் என்றேன்.

"வீட்டுக்குள்ள முழங்கால் மட்டுக்குத் தண்ணி, அண்ணன். இன்னும் ஏறுது. மனுசி தையல் மெஷினை மேசையில ஏத்தி வச்சிட்டுக் காவல் நிக்கிறா. அது போச்சுதெண்டா அவவின்ர உழைப்பே போச்சு."

களனி கங்கை நிரம்பி நிற்பதால், ஆற்று நீர் ஊருக்குள் வராமலிருக்க அந்தப் பக்க மதகுக் கதவை மூடிவிட்டார்களாம். அவர் வீட்டுப் பக்கம் தேங்கிய தண்ணீருக்குக் கிருலப்பனை வழியாக வரும் கால்வாயும் ஒரு வழி. அது வெள்ளவத்தையில் கடலைத் தொடும் இடத்தை அலை மணல் போட்டு அடைத்துவிட்டது. வெட்ட மெஷின் வந்திருக்கிறதாம், ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். தண்ணீர் திறக்கிற இடத்துக்கு விவசாயியை வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? எங்கள் இரண்டு பேருக்கும் கூட்டமே மறந்துவிட்டது.

ரயில் பாதையைத் தாண்டினால் கடற்கரை. இந்தப் பக்கம் பழுப்பாகத் தளும்பும் கால்வாய், அந்தப் பக்கம் இரையும் கடல், நடுவே பெரிய வரப்பு மாதிரி மணல். மண் தோண்டும் பெக்கோ சும்மா நின்றது. வெட்ட வேண்டிய இடத்திலேயே ஒரு படகு கிடந்தது. அதன் சொந்தக்காரர் சுனில் என்ற சிங்கள மீனவர். ஒன்றிரண்டு பேரால் அதை அசைக்க முடியாது, ஆட்கள் வரட்டும் என்று நின்றார். வெட்டினால் மணலோடு படகும் போய்விடும்.

அன்டன் "அய்யே", அதாவது அண்ணா, என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் வேகமாகக் கதைத்தார். கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்தேன். சுனில் ஒன்றே ஒன்று கேட்டாராம்: வீட்டில் யார் நிற்கிறார்கள்? மனைவி என்று அன்டன் சொன்னதும் கயிற்றை எடுத்து எங்களிடம் வீசினார்.

சென்னப்பா கூட்டத்துக்கென்று தேய்த்துப் போட்ட காற்சட்டையைச் சுருட்டிவிட்டு இறங்கினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் சேர்ந்தார்கள். இடுப்புவரை அலை வந்து அடிக்க, ஆளுக்கொரு பாஷையில் கூச்சல் போட்டு இழுத்தோம். படகு முக்கி முனகி மேட்டில் ஏறியது.

பெக்கோ நான்கு வாளி மண் அள்ளியது. முதலில் மடையில் கசிகிற அளவு தண்ணீர்தான். பிறகு இரண்டு கரையும் பொலபொலவென்று சரிய, கால்வாய் முழுவதும் இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சென்னப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அணை திறக்கிறதை நூறு தடவை பாத்திருக்கேன். கீழே யாரு இருக்காங்கன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை," என்றார்.

புறப்படும்போது சுனில் அன்டனின் நம்பரை வாங்கிக்கொண்டார். உங்கள் பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் ஒரு கோல் போடு, படகை முன்கூட்டியே ஏற்றிவிடுகிறேன் என்றாராம்.

கொட்டாஞ்சேனைக்கு இடுப்புவரை ஈரத்தோடு போய்ச் சேர்ந்தோம். யார் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். என் காதில் அந்த இரைச்சல்தான் இருந்தது. மாலைத் தேநீருக்கு வெளியே வந்தபோது அன்டன் படியில் ஓடி வந்தார். வீட்டில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டதாம், தையல் மெஷின் தப்பிவிட்டதாம். சொல்லும்போதே அழுதுவிட்டார். சென்னப்பா அவரைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் சென்னப்பா தன் போனை என் கையில் கொடுத்து நம்பர் போடச் சொன்னார். எங்கள் இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரே ஆற்றுத் தண்ணீர். நம்பர் வாங்கக் கடல் தாண்ட வேண்டியிருந்திருக்கிறது.

"அணை திறக்கிறதுக்கு முன்னாடி நான் கூப்பிடுறேன். நாத்தைக் காப்பாத்திக்குங்க," என்றார். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "தண்ணி இல்லாத வருஷமும் கூப்பிடுவேன். எடுப்பீங்களா?" என்றார்.

"எடுப்பேன். முதல்ல திட்டுவேன்," என்றேன்.

"திட்டுங்க. வெச்சிடாதீங்க," என்றார்.