உத்திராடத்தன்று அடைத்த கடை

திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று தோவாளைச் சந்தையில் பூக்கடையை அடைத்தவர், எனக்குத் தெரிந்து, என் அத்தை ஒருத்திதான். கேரளத்துக்கு வண்டி வண்டியாகப் பூ போகிற நாள். காலை ஏழு மணிக்கு அத்தை கேந்திப் பூ மூட்டைகளையெல்லாம் அடுத்த கடைக்காரரிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். சந்தையே வேடிக்கை பார்த்தது. நான் பள்ளிச் சீருடையில், வெட்கத்தில் குனிந்து நின்றேன்.

பெற்றோர் இல்லாத என்னை வளர்த்தவள் அத்தைதான். ஓண வாரத்தில் பூக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அவள் எடை போட, நான் பொதிந்து கட்ட வேண்டும். ஆண்டு முடிவில் வரும் அரசுத் தேர்வை ஒழுங்காக எழுதினால் போதும், இடையில் பள்ளியில் வைக்கிற டெஸ்டெல்லாம் சும்மா ஒரு சடங்கு என்பது எங்கள் இருவரின் அசைக்க முடியாத நம்பிக்கை. பிளஸ் டூவிலும் அப்படித்தான் ஓண வியாபாரம் தொடங்கியதுமே கணக்கு டெஸ்டுக்கு மட்டம் போட்டேன். மறுநாளே கணக்கு டீச்சர் அத்தையைக் கூப்பிட்டனுப்பினார்.

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். பொறியியல் கட்-ஆஃப் இருநூறுக்கு. கணக்கில் வாங்கும் நூறு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. ஆனால் கணக்கின் நூறில் அரசுத் தேர்வுக்குத் தொண்ணூறுதான். மீதிப் பத்தை வருகையும் டெஸ்டும் பார்த்துப் பள்ளிக்கூடம் போடும். அடுத்த டெஸ்டும் போனால் ஒரு மதிப்பெண் கட்டாயம் குறையும்.

"பத்து மார்க்கு இங்கயா கெடக்கு? இத ஏன் டீச்சரே இதுவரை ஒருத்தரும் சொல்லல?" என்று அத்தை சண்டைக்கே போய்விட்டாள். பிறகு குரலை இறக்கி, "அடுத்த டெஸ்டு என்னைக்கு?" என்றாள்.

உத்திராடத்தன்று.

ஒரு மதிப்பெண்தானே அத்தை, வியாபாரத்தைப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். எனக்கும் அந்தச் சந்தைதானே சோறு போட்டது. "வாய மூடு ஏட்டி. பூ அடுத்த வருசமும் பூக்கும்," என்றாள். ஓணக் கூட்டத்தில் பேருந்தை நம்ப முடியாதென்று ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். நான் எழுதி முடிக்கும்வரை பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் முழுக்கச் சந்தையில் அவளுக்குக் கிறுக்கி என்றே பெயர். அத்தை அசரவில்லை, எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

கணக்கில் பள்ளி போட வேண்டிய பத்தும் முழுதாக வந்தது. கலந்தாய்வில் நான் ஆசைப்பட்ட அரசுக் கல்லூரியில், எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தது எனக்குத்தான். ஒரு மதிப்பெண் குறைந்திருந்தால் வெளியே நின்றிருப்பேன். செய்தியைக் கேட்டதும் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைக்குள் கடை கடையாக நடந்தாள். இனி எந்தப் பதவி கிடைத்தாலும் அப்படியொரு ஊர்வலம் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

இன்று சென்னையில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். சந்தையில் யாராவது என்னைப் புகழ்ந்தால் அத்தை உடனே குறுக்கே புகுந்து திருத்துவாளாம்.

"மத்த மார்க்கெல்லாம் பிள்ளை படிச்சு வாங்கினது. அந்த ஒரு மார்க்கு நான் எடுத்ததாக்கும்."